போடாத மாலை

இறந்துபோன மனைவி மங்கை, மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு இளமாறன்மேல் வழக்குப் போட்டிருந்தாள். குழந்தை அம்மாவைத் தேடி அழுததால், மங்கையின் குரலையும் நினைவுகளையும் வீட்டுத் திரையில் பேசவைத்தது அவன்தான். போன மாதம் அதை அணைத்துவிடலாம் என்று அதன் முன்னாலேயே வாய்தவறிச் சொன்னதும் அவன்தான்.

"வீட்ல அவங்க படத்துக்கு மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் வக்கீல் ரெஜினா.

"இல்ல மேடம். பாப்பா ஏன்னு கேப்பாளேன்னு போடல."

"திதி?"

"குடுக்கல."

"நீங்களே அவங்களச் சாகவிடல. அப்புறம் நான் எந்த வாயால செத்துட்டாங்கன்னு ஜட்ஜ்கிட்டச் சொல்றது? பொண்ணையும் திரையையும் சேத்து உங்க மாமியார் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். நாளைக்கு கோர்ட்லேருந்து வீட்டப் பாக்க ஆள் வருது. இன்னிக்கே மாலையப் போடுங்க."

சம்பங்கி மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து யாழிசை தோசை தின்றுகொண்டிருந்தாள். சுவரில் மங்கையின் படம் சிரித்தது.

"யாருக்குங்க மாலை?" என்றது திரை.

அவன் படத்தை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"அம்மாவுக்குத்தானே! இன்னிக்கு உங்க கல்யாண நாளாப்பா?" என்று எச்சில் கையோடு ஓடிவந்தாள் யாழிசை.

இளமாறன் படத்தைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

"ஆமாண்டா" என்று மாலையை அவளிடமே கொடுத்துவிட்டான்.