ஸ்டாம்ப் பேடு

தொழிற்சங்கச் சம்மேளனத்தின் காசாபிளாங்கா தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தை புஷ்தா மூன்றாவது தடவையாகப் படித்தார்.

'கட்சிக்காரர்களின் புதிய சங்கத்தோடு நம் கிளைகள் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. சம்மதம் என்று கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, இன்றைய மதியத் தபாலிலேயே திருப்பி அனுப்பவும்.'

கையெழுத்துப் போட்டாயிற்று. ரப்பர் ஸ்டாம்பும் கையில் இருக்கிறது. பேடுதான் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஹம்மாதியிடம் இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் சம்மேளனம் சோஷலிஸ்ட் கட்சியோடு உறவை முறித்துக்கொண்டபோது, சுரங்க ஊரான குரிப்காவில் இந்த ஒற்றைச் சங்க அறையும் இரண்டானது. பாஸ்பேட் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள், வேலைநிறுத்த வருடத்தில் ஒரே சிறையறையில் கிடந்தவர்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி சாமான்களைப் பங்கு போட்டார்கள். சம்மேளனத்திலேயே நின்ற புஷ்தாவுக்கு ஸ்டாம்ப். கட்சியோடு போய் அதன் புதிய சங்கத்தில் சேர்ந்த ஹம்மாதிக்குப் பேடு. என்ன கண்றாவிப் பங்கீடோ.

அதனால் தினமும் காலையில் ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு புஷ்தா அந்தப் பக்கம் போவார். பேடு கிடைக்கும், கூடவே புதினாத் தேநீரும் கிடைக்கும்.

இந்தக் காகிதத்தில் முத்திரை விழுந்தால் நாளைக்குப் போக முடியாது.

பலகையைத் தட்டிவிட்டுப் போனார். ஹம்மாதி தேநீர் ஊற்றிக்கொண்டே, புஷ்தா மேசையில் வைத்த கடிதத்தைத் தலைகீழாகவே படித்து முடித்தார்.

"குத்துய்யா. நல்லா அழுத்திக் குத்து. நாளையிலேருந்து எனக்குத் தேயிலையாவது மிச்சமாகும்."

குரல் சரியாக இல்லை. புஷ்தா ஸ்டாம்பைப் பேடின் மேல் பட்டும் படாமலும் வைத்து எடுத்தார். காகிதத்தில் ஓங்கிக் குத்தினார். ஒன்றும் விழவில்லை.

"உன் பேடு காய்ஞ்சு கெடக்குய்யா. மை ஊத்தி வை. நாளைக்கு வந்து குத்துறேன்."

ஹம்மாதி தன் விரல்களைப் பார்த்தார். காலையில்தான் மை ஊற்றியிருந்தார், விரலெல்லாம் ஊதா. கெட்டிலில் இன்னொரு சர்க்கரைக் கட்டியைப் போட்டார்.

மதியத் தபால் போய்விட்டது.

புஷ்தா தன் பக்கம் வந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். தலைமையகம் வருடா வருடம் எழுதுபொருள் பார்சலில் வைத்து அனுப்பும் ஸ்டாம்ப் பேடுகள், உறை பிரிக்காமல், ஐந்து இருந்தன.

கடிதத்தை அவற்றின் மேல் வைத்துப் பூட்டினார்.