அவரோட எடை

பனிமலை ஊரான கெய்லோவில், தன் பட்டக்கடையில் யோஸ்தைன் தனியாக இருந்தபோது ஊல்வா வந்தாள். காற்றில் பறக்கும் பெரிய பட்டம் தன்னை இழுத்துப் போக, பனியில் சறுக்கிப் போக அவளுக்கு முதல்முறையாக ஆசை வந்திருந்தது.

"உங்க எடை?"

"அறுபது கிலோ."

"அப்ப ஏழு சதுர மீட்டர் பட்டம் போதும். பெருசு எடுத்தா காத்து அலாக்கா தூக்கிட்டுப் போயிடும்."

"தூக்கட்டுமே! இன்னொண்ணும் குடுங்க. கூட ஒருத்தர் வர்றார்."

யோஸ்தைனின் முகம் வாடிவிட்டது. வாராவாரம் வந்து சும்மா பேசிவிட்டுப் போகிறவள். அவனும் என்னென்னவோ நினைத்திருந்தான்.

"அவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"பிரமாதமா ஓட்டுவார். எனக்கே அவர்தான் கத்துத்தரப் போறார்."

"அவரோட எடை?" சுரத்தே இல்லாமல் கேட்டான்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

"நான் எப்படிங்க சொல்றது?"

"ஏன், உங்க எடை உங்களுக்கே தெரியாதா?"

யோஸ்தைனுக்குத் தலைகால் புரியவில்லை.

"எண்பத்தஞ்சு" என்று உளறியவன், சட்டென வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இல்லல்ல, எண்பது!"