திருப்பி மாட்டும் இருக்கை

மருத்துவமனை வாசலில் நிற்கும் காரின் பின்கதவு திறந்திருக்கிறது. லாரி ஓட்டுநரான அப்பா, காரில் மகளுக்கென்று பொருத்திய குழந்தை இருக்கையைப் பழையபடி பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு மூன்று வயது முடிந்த அன்று ஆசையாக முன்பக்கம் திருப்பியவர் அவர்தான். அதன்பிறகு எட்டு மாதமாக அவள் எடை இறங்கிக்கொண்டே வருகிறது. "பின்பக்கமே திருப்பிடுங்க, பிரேக் போட்டா கழுத்து தாங்காது" என்று சற்றுமுன் டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை வளர வளர மேலே ஏற்றவேண்டிய தோள்வாரை மேல் துளையிலிருந்து உருவி, கீழ்த் துளையில் கோக்கிறார். வெயிலேறிய கொக்கி விரலைச் சுடுகிறது. அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் மகள், "நான் பாப்பா இல்லப்பா, பெரிய பொண்ணு. எனக்கு ரோடு பாக்கணும்" என்கிறாள். "பின்னாடியும் ரோடுதான் தெரியும் கண்ணு" என்கிறார். அம்மா அவளை உட்காரவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் கொக்கியைப் பூட்டி வாரை இழுக்கிறார். "வலிக்குதாம்மா?" "இல்லப்பா, லூசா இருக்கு." மறுபடி இழுக்கிறார். வரவேண்டிய வாரெல்லாம் கைக்கு வந்துவிட்டது. இழுப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.