ஏழாவது ரேடியோ

"உங்க ரேடியோவுக்கு மட்டும் என்ன வந்துது, முரோயி சான்? சந்தைக்கடையாட்டம் இரையுதே!"

ரேடியோ சங்கத் தலைவர் குரமோச்சி காதைப் பொத்திக்கொண்டார். ஊர்ப் பொதுக்கூடத்து மேசைமேல் ஏழு கைரேடியோக்கள் இருந்தன. ஆறு சமர்த்தாக வாய்மூடி இருக்க, ஏழாவது மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. நடுநடுவே பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தூண்டில் முள்ளைப் பற்றிப் பேசுவதும் கேட்டது.

"அது அப்படியே இருக்கட்டும், தலைவரே" என்றாள் முரோயி.

"ஊருக்கெல்லாம் முடி வெட்டிட்டுத் தன் தலையை மறந்துட்டாங்க" என்று சங்கத்து உறுப்பினர் தொபே சிரித்தார்.

ஆனால் அவள் கைவேலையை யாரும் குறை சொல்ல முடியாது. சங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. குரமோச்சி ஒரு ரேடியோவோடு அரைமணி மல்லுக்கட்டுவார். அவளோ கால்மணியில் ஆறுக்கும் டோன் வைத்து முடித்துவிட்டாள். பேசும்போது காதுக்குக் கேட்காத மெல்லிய டோன் ஒன்றும் சேர்ந்து போகும். அந்த டோன் வந்தால்தான் மற்ற ரேடியோக்கள் வாய் திறக்கும், இல்லையென்றால் ஊமை. போதாததற்கு ஆளுக்கொரு எண். ஐந்தை அழுத்தினால் தொபேயின் ரேடியோ மட்டும் மணியடிக்கும். இந்த ஏற்பாடு முழுக்கக் குரமோச்சியின் யோசனை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

தொபேயையும் சேர்த்து ஐந்து பேர், ஆளுக்கொரு ரேடியோவோடு மலையேறினார்கள். காளான் பறிக்கப் போன டோஃபு கடைக்கார நகானே நேற்றுக் காலையிலிருந்து வீடு திரும்பவில்லை. ராத்திரி உறைபனி வேறு. இன்னொரு ராத்திரியை எழுபது வயசு உடம்பு தாங்காது. இருட்டுவதற்குள் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மத்தியானம் ஆகியும் ஒரு தடயமும் இல்லை. மேசையில் குரமோச்சியின் ரேடியோவும் முரோயியுடையதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று மௌனம், மற்றது ஓயாத கூச்சல்.

"அதை அணைச்சுத் தொலைங்களேன். தலை வலிக்குது."

"ஒருத்தராவது கேட்டுக்கிட்டு இருக்கணும், தலைவரே."

குரமோச்சிக்குக் கவலை வந்தால் வாய் சும்மா இருக்காது. "ரெண்டு வருஷம் முன்னாடி ஹயசகான்னு ஒரு பொண்ணு இதே மலையில காணாம போச்சு. ரெண்டு நாள் அலைஞ்சோம். மூணாம் நாள் அதுவே தட்டுத்தடுமாறி அந்தப் பக்கத்து மாவட்டத்துல இறங்கிடுச்சாம். நாங்க முகத்தைக்கூடப் பாக்கல. அப்புறம் சொல்றாங்க, அது பையில ரேடியோ இருந்துதாம்! ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாது? கூப்பிடத் தெரியாதவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு?"

முரோயி ரேடியோவின் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். குரமோச்சி பல்லைக் கடித்தார்.

மூன்று மணிக்கு அந்தக் கரகரப்புக்குள் ஏதோ முனகியது. அவள் சட்டென்று ரேடியோவை எடுத்துக் காதோடு அழுத்தினாள்.

"...யாராவது... கால் உடைஞ்சுபோச்சு... மரப்பாலத்துக்குக் கீழ, ஓடையில..."

"நகானே!" குரமோச்சி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அந்த ஆள்கிட்ட ரேடியோ இருக்குன்னு பெண்டாட்டிகூடச் சொல்லலையே!"

"நகானே சான், கேக்குது. தூங்கிடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றாள் முரோயி. இன்னொரு கையால் குரமோச்சியின் ரேடியோவை எடுத்து ஐந்தை அழுத்தினாள். "தொபே சான், மரப்பாலத்துக்குக் கீழ ஓடையில இருக்கார். நீங்கதான் பக்கத்துல. ஓடுங்க!"

அரைமணியில் தொபேயின் குரல் வந்தது. "ஆள் கிடைச்சாச்சு! உயிரோட இருக்கார். திட்டறார், அப்போ நல்லாத்தான் இருக்கார்!"

குரமோச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. நகானே அத்தனை கதறியும், அதே மேசையில் கிடந்த தன் ரேடியோ முணுக்கென்றுகூடச் சொல்லவில்லை. நகானேயின் பழைய ரேடியோவில் டோன் ஏது? மலைமேல் இருந்த ஐந்தும் அப்படித்தான் ஊமையாக இருந்திருக்கும்.

"முரோயி சான்..." குரமோச்சி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் திறந்து வைக்கலேன்னா அந்த ஆளை நானே கொன்னிருப்பேன். இதுக்குத்தானா காலையிலேருந்து அந்த இரைச்சல்? நான் வேற திட்டிக்கிட்டே இருந்தேன். அப்போ எல்லாத்தையும் திறந்து வைங்கன்னு ஏன் சொல்லல?"

"மலையில அலையறவங்க கையில இந்த இரைச்சல் இருந்தா, காட்டுக்குள்ள கத்தற குரல் அவங்களுக்குக் கேக்காது. உங்க ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், தலைவரே. ஒரு காது திறந்திருந்தா போதும்."

குரமோச்சி எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து அவளை வணங்கினார். முப்பது வருஷத் தலைவர் பதவியில் அவர் யாருக்கும் அவ்வளவு குனிந்ததில்லை. நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது.

"அப்படின்னா... அப்பவும் எங்க ரேடியோ எல்லாத்துலயும் டோன்தான்! அந்த ஹயசகா பொண்ணும் கூப்பிட்டிருக்குமோ?"

"கூப்பிட்டாங்க. பேட்டரி தீர்ற வரைக்கும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முரோயி லேசாகச் சிரித்தாள். "அந்த ரெண்டு நாளும் நீங்க பேசினதெல்லாம் என் ரேடியோவுல நல்லாவே கேட்டுது, தலைவரே. சால்மன் மீன் வச்ச சோத்துருண்டை தீரப்போகுது, சீக்கிரம் இறங்கி வாங்கன்னு நீங்க எல்லாரையும் கூப்பிட்டப்போ என் நாக்குல எச்சில் ஊறிச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டுப் பேரு ஹயசகா."