வாடகை மகள்

"எடுத்த எடுப்புலயே அழுதா உங்க பொண்ணு எழுந்து போயிடுவாம்மா. கண்ணைத் துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையிலிருந்த தாளை மறுபடி பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நூலகத்து மாடி அறையில் நடக்கிற வேலை இது. பிள்ளையோடு பேச்சு முறிந்துபோன பெற்றவர்கள் வருவார்கள். வீட்டை விட்டு வந்த இளசுகள் எதிரே உட்கார்ந்து அவர்களுடைய பிள்ளையாக நடிப்பார்கள். நிஜப் பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால் இங்கே பேசிப் பழகிக்கொள்ளலாம். காசு கிடையாது. ஒருவர் பெயரை ஒருவர் கேட்பதும் கிடையாது.

பெரியம்மாளைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு அங்கே பட்டப்பெயர் 'வாடகை மகள்'. வயது இருபத்தொன்று. வாரம் முழுக்கச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. தாய்மாமனைப் பற்றி அவள் அழுதுகொண்டே சொன்னதை அம்மா நம்பவில்லை. "வாயை மூடு, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்றாள். அன்றைக்குக் கிளம்பியவள்தான். ஊரில் உள்ள அம்மாக்களுக்கெல்லாம் மகளாக இருப்பாளாம், பெற்றவளுக்கு மட்டும் மாட்டாளாம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பட்டவளுக்குத்தானே தெரியும்!

பெயர் தெரியாததால் பெரியம்மாள் என்றே எல்லாரும் சொல்கிற இந்த வயதானவள் ஆறு வாரமாக வருகிறாள். வேறு நாற்காலி காலியாக இருந்தாலும், "அந்தப் பொண்ணே போதும்" என்று காத்திருப்பாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்று ஆரம்பித்தாள் பெரியம்மாள்.

"இது சரி. அப்புறம்?"

"உன்னை எப்படியெல்லாம் வளர்த்தேன்..."

"போச்சுடா! வளர்த்ததைச் சொல்லிக் காட்டினா எந்தப் பொண்ணும்மா நிப்பா?"

"ஐயோ, அது போன வாரமே அடிச்சாச்சு. பழக்கதோஷத்துல படிச்சுட்டேன்." பெரியம்மாள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "கண்ணு... ஒண்ணு கேக்கவா? உடம்பு முடியலைன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமா?"

"கூடவே கூடாது! நோயைக் காட்டிக் கூப்பிட்டா அதுக்குப் பேரு மிரட்டல். இங்க சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். ஆமா, நிஜமாவே முடியலையா?"

"முடியலைதான். நாள் அதிகமா இல்ல."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதான். "அப்பவும் சொல்லாதீங்க. மேல படிங்க."

பெரியம்மாள் மெதுவாகப் படித்தாள். "அன்னிக்கு நீ சொன்னப்போ நான் நம்பியிருக்கணும். நம்பாம போயிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என் மேலதான்."

எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. நடிப்பதை மறந்து அவள் கேட்டுவிட்டாள்.

"ஏன் நம்பலை?"

பெரியம்மாள் தாளைப் பார்க்கவில்லை. "பயம். ஊர் என்ன சொல்லுமோங்கற பயம்."

"இப்ப மட்டும் பயம் போயிடுச்சா?"

"இனிமே பயப்பட என்ன பாக்கி இருக்கு கண்ணு? இப்படிக் கூப்பிட்டா வருவாளா? மனசுல இருக்கிறதைச் சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

இரண்டு வருடத்துக் கோபம் அவள் வாய்க்கு வந்தது.

"வரமாட்டாம்மா. என்னை அந்தப் பொண்ணா நினைச்சுத்தான் சொல்றேன். மன்னிப்பு கேட்டுட்டா எல்லாம் ஆச்சா? அவ தனியா அழுதப்போ நீங்க எங்க போனீங்க? இன்னும் ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

பெரியம்மாள் தாளை நாலாக மடித்தாள். எதிரே இருந்தவள் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். "சரிம்மா. அப்படியே சொல்லிடறேன்" என்றுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பெரியம்மாள் ஏறிய பஸ் முனை திரும்பிக்கொண்டிருந்தது. சாகப்போகிற மனுஷியிடம் போய் ஒரு வருஷம் பொறு என்றோமே, நாக்கில் சனியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மையத்தை நடத்துகிற அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். என் வீட்டுக் கடுப்பை அவங்க பொண்ணு தலையில கட்டிட்டேன். அவங்க நம்பர் குடுங்க. பொண்ணைக் கூப்பிட்டுப் பாருங்க, வந்தாலும் வருவான்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்."

அக்கா பதிவு நோட்டைப் புரட்டினாள். புருவம் சுருங்கியது.

"என்னடி இது கூத்து! பிள்ளைகள்ங்கற இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. வேலை, ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணை இருக்கிறதாம். நம்பர் பக்கத்துல, 'இது என் நோயாளியோட போன்'னு இருக்கு. யாருமே கவனிக்கலையே!"

"பொண்ணே இல்லாதவங்க எதுக்குக்கா ஆறு வாரமா வந்தாங்க?"

"யாருக்குத் தெரியும்? நீ போடு, கேட்டுடுவோம்."

அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப் படிக்க, அவள் தன் போனில் அழுத்திக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் அக்கா படிப்பதற்கு முன்பே விரல் அடுத்த எண்ணுக்குப் போனது. கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆத்திரத்தில் அவளே மாற்றிவைத்த பெயர்: 'அம்மா - எடுக்காதே'.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.