டெஸ்ட் ஹெலினா மூணு

"பொண்ணு ஊடு இதானே?"

கதவைத் திறந்த டேவிட்டின் முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். கையில் ஆப்பிள், ஆரஞ்சு அடுக்கிய தட்டு. பின்னால் இஸ்திரி கலையாத சட்டையில் ஓர் இளைஞன்.

"எந்தப் பொண்ணு?"

அந்த அம்மாள் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "டெஸ்ட் ஹெலினா மூணு. மேனாம்பேடு. நான் சாராள், கரையான்சாவடியில தையல் கடை வெச்சிகினு கீறேன். இவன் என் பையன் லிபின். சர்ச் முடிச்சிட்டு நேரா வரோம். ஸ்தோத்திரம் பிரதர்."

டேவிட்டுக்கு ஒரே மகள், ஹெலினா. ஒன்றும் இரண்டும் கிடையாது. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

ஹெலினா வந்து செல்போனைப் பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வரன் தேடித் தரும் ஓர் இணையதளக் கம்பெனியில் அவள் டெஸ்டர். ஜனங்கள் போய் முட்டிக்கொள்வதற்கு முன் தளத்தில் எங்கே கோளாறு என்று முட்டிப் பார்ப்பது அவள் வேலை.

"டாடி, இது டெஸ்டுக்கு நான் போட்ட டம்மி. பொய் விலாசத்தை சிஸ்டம் ஏத்துக்காது, அதனால நம்ம விலாசத்தைக் குடுத்தேன். அழிச்சிருக்கணும். அழிக்காம வெளிய போயிடுச்சு."

"டம்மின்னா?"

"அப்படி ஒரு பொண்ணே இல்லன்னு அர்த்தம்."

சாராள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "நூத்துக்கு நூறு பொருத்தம்னு வந்துச்சேம்மா. ‘பெண் வீட்டார் ஞாயிறு நேரில் அழைக்கிறார்கள்’னு மெசேஜ் கீது பாரு."

"பேரைப் பாத்துமா சந்தேகம் வரல?" என்றார் டேவிட்.

"மூணாவது பொண்ணுன்னு நினைச்சோம்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணோம். பத்து நம்பரும் ஒன்பது. யாரும் எடுக்கல. ஃபேன்சி நம்பர், பெரிய இடம், பிகு பண்றாங்கன்னு விட்டுட்டோம்." சாராள் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்த பழைய டேபிள் ஃபேனை ஒருமுறை பார்த்தார். "இவனுக்கு முப்பத்திரெண்டு ஆவுது பிரதர். ஏழு ஊடு ஏறி எறங்கியாச்சு. எல்லாத்தையும் வேணாம்னான். இந்தப் பொண்ணைத்தான் மொத மொத சரின்னான். அது ஆளே இல்லன்றீங்க."

லிபின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டேவிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு குடும்பத்தை அலைய வுட்டுட்டு நிக்கிற. உங்க மேனேஜருக்கு இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

மேனேஜர் பார்த்தசாரதி முழுவதையும் கேட்டார்.

"ஹெலினா, பட்டனை அமுக்கினா மெசேஜ் போகுதான்னு பாரு, போதும்னு சொன்னேன். ‘மெசேஜ் போனா பத்தாது சார், ஆளுங்க போய்ச் சேர்றாங்களான்னு பாக்கணும்’னு நீதான் மல்லுக்கட்டின. இப்ப சேர்ந்துட்டாங்களா? திருப்தியா? டெஸ்டிங்கால இந்தக் கம்பெனிக்கு நயா பைசா பிரயோஜனம் இல்ல. நாளைக்கு வந்து ராஜினாமா எழுதிக் குடுத்துடு."

ஃபோன் அணைந்தது. ஹெலினா காபி போடப் போனாள்.

சாராளுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ பாவம். எங்களால பொண்ணு வேலை போவுதே."

"போனா போவட்டும். தப்பு தப்புதான்" என்ற டேவிட், பேச்சை மாற்ற, "தம்பிக்கு எங்க வேலை?" என்றார்.

"அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பேங்க்ல. கெட்ட பழக்கம் ஒண்ணு கிடையாது. எங்க ஊட்ல இந்தக் காதல் கீதல் எல்லாம் ஆவாது பிரதர். அண்ணன் பொண்ணு லவ் பண்ணிக் கட்டிகினா. இன்னி வரைக்கும் அவ ஊட்டுப் படி நான் மிதிக்கல."

"நான் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே போவல" என்றார் டேவிட்.

"லவ்வா?"

"லவ்வு."

இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

ஹெலினா ஆளுக்கொரு டம்ளராக எடுத்துக் கொடுத்தாள். லிபின் வாங்கிக் குடித்தான்.

"அதிசயத்தைப் பாருங்க" என்றார் சாராள். "சர்க்கரை போடாத, போடாதன்னு தெனம் ஊட்டையே ரெண்டாக்குவான். இன்னிக்கு வாயத் தொறக்காம குடிக்கிறான். டம்மி பொண்ணு ஊட்லயும் மரியாதை தெரியுது."

டேவிட் காபியை முடித்து டம்ளரை வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த மூணாம் நம்பர் கிடக்கட்டும்மா. இந்த ஹெலினாவுக்கும் முப்பது முடியுது. நானும் பாத்துகினுதான் கீறேன். கம்ப்யூட்டரே நூத்துக்கு நூறுன்னு சொல்லுது. நீங்க அந்தத் தட்டைக் கீழ வெக்கலாமே."

சாராள் மகனைப் பார்த்தார். மகன் டம்ளரைப் பார்த்தான். தட்டு டீப்பாய் மேல் இறங்கியது.

இந்த முறை டேவிட்டே மேனேஜரைக் கூப்பிட்டார். இணையதளம் தொடங்கி ஏழு மாதத்தில் அமைந்த முதல் கல்யாணம் அது. பார்த்தசாரதி வாழ்த்துச் சொன்னார். பிறகு, முகப்புப் பக்கத்தில் போட ஒரு ஜோடி போட்டோ கேட்டார். ராஜினாமாவைப் பற்றிக் கேட்டபோது, "அது டம்மி சார்" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் ஹெலினா தன் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். சோதனைப் பட்டியலில் நாற்பத்தோராவது வரி, மூன்று வாரத்துக்கு முன் அவள் எழுதியது. ‘எதிர்பார்க்கும் விளைவு: லிபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவான். கம்ப்யூட்டர் பார்த்த வரன் என்று டாடி நம்புவார்.’

பக்கத்துக் கட்டத்தில் ‘பாஸ்’ என்று அடித்துவிட்டு, நான்கு வருடமாகத் தன் செல்போனில் ‘ஷைலா ஆபீஸ்’ என்ற பெயரில் இருந்துவரும் லிபினுக்குச் செய்தி அனுப்பினாள்: "சர்க்கரை போடல, கவனிச்சியா?"