மலை இறங்குவதற்கு முன்

கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில் சுகுணா மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மலை இறங்கிச் சேந்தமங்கலம் கோயிலுக்குப் போய்விட்டால், இந்தப் பிக்கப்பை ஓட்டும் சந்தோஷுடன் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் யாராவது தார்ப்பாயைத் தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஆனால் வண்டி கிளம்பவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரான அவள் அப்பா காளியண்ணன், தன்னோடு பேச ஒரு வயர்லெஸ் கருவி மாட்டாமல் மலை இறங்கக் கூடாது என்று இன்றைக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

கேபின் கூரையில் துளை போடும் சத்தம் அவள் பல்லைக் கூச வைத்தது.

"நாளைக்கு மாட்டிக்கலாமுங்கண்ணா." சந்தோஷ் அவசரப்படுத்தினான்.

"ஏப்பா, பொண்ணு பாக்கவா போற, இப்படிப் பறக்கற?" மெக்கானிக் ஜான்பீட்டர் சிரித்தார். "ஆன்டெனா ஒயரைப் பின்னாடி இழுத்துக் கட்டணும். அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கு."

சுகுணா மூட்டைகளுக்கு இடையே இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

"வேண்டாமுங்க! மூட்டை சரிஞ்சுரும். ஒயரு உள்ளேயே கெடக்கட்டும்."

ஜான்பீட்டர் முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்து, பைக்கில் ஏறிப் போனார். சந்தோஷ் வண்டியை விரட்டினான். முதல் கொண்டை ஊசி வளைவு நெருங்கும்போது வயர்லெஸ் கரகரத்தது.

"சந்தோஷு, வண்டிய நிறுத்து."

அப்பாவின் குரல். பிரேக் அலறியது. சுகுணா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"புள்ளைய முன்னாடி உக்கார வை. படுத்துக்கிட்டே வளைவுல போனா அவளுக்கு வாந்தி வரும்."

சந்தோஷ் இறங்கி ஓடிவந்து தார்ப்பாயைத் தூக்கினான்.

"தாலி கட்டுனதும் இதுலயே ஒரு வார்த்தை சொல்லு சாமி. அவங்கம்மா ஒத்துக்க மாட்டா. என்ற போனும் அவ கையிலதான் இருக்குது. அதுக்குத்தான் இதை மாட்டச் சொன்னேன்."